மாடலில் ஒரு பெட்டி எதைக் குறிக்கிறது? காசிமேட்டு ஏலக் கணக்கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மென்பொருளாக்க வேண்டிய ஒன்றைப் பெட்டிகளாலும் கோடுகளாலும் காட்டும் படத்தை மாடல் என்கிறோம். நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் மாடல் வரைய உட்கார்ந்தால், முதலில் டேபிள்களின் (தரவை வரிசை, நெடுவரிசையாக அடுக்கும் பட்டியல்களின்) பெயர்களைத்தான் எழுதுகிறார். ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் பழக வரும் இளைஞர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வாரம் போன பிறகு, ஒரே டேபிளுக்குள் மூன்று வேறு பொருள்கள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியவரும். அதற்குள் அதன்மேல் திரைகளும் அறிக்கைகளும் எழும்பிவிட்டிருக்கும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடும் ஒருவரின் அன்றாடக் கணக்கு. படகு கரைக்கு வருகிறது, மீன் இனம் பிரித்துக் கூடையில் கொட்டப்படுகிறது, ஏலம் கூவப்படுகிறது, எடுத்தவர் பணம் தருகிறார் அல்லது கடன் சொல்கிறார், டீசல், ஐஸ் முதலிய செலவுகளைக் கழித்த மீதி, படகு உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்காகப் பிரிகிறது. இதை மென்பொருளாக்க வேண்டும்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் 'மாதிரி' என்றால் கடையில் காட்டும் சாம்பிளும் ஆகும், 'அவனை மாதிரி' என்பதும் ஆகும். குழப்பம் வேண்டாம் என்பதால், அலுவலகங்களில் நாம் புழங்கும் 'மாடல்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, உண்மையான கணக்கு நோட்டின் மூன்று நான்கு பக்கங்கள். அவை வெவ்வேறு நாள்களின் பக்கங்களாக இருக்க வேண்டும்; அவற்றில் ஒன்றாவது அடித்தல் திருத்தல் நிறைந்த பக்கமாக இருக்க வேண்டும். அடித்தல் இருக்கும் இடத்தில்தான் தொழிலின் விதிவிலக்குகள் இருக்கின்றன. சுத்தமான பக்கம் நமக்குப் புதிதாக எதையும் சொல்லித் தராது.

அடுத்தது, அந்த நோட்டை எழுதும் கணக்குப்பிள்ளையுடன் ஒரு மணி நேரம். ஏலம் நடக்கும் விடியற்காலையில் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. கூட்டம் கலைந்து அவர் டீ குடிக்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் ஏலத்தை ஒரு முறையாவது நேரில் நின்று பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, பென்சிலும் சார்ட் பேப்பரும். இந்தக் கட்டத்தில் கணினியில் டேட்டாபேஸ் கருவியைத் திறக்காதீர்கள். அது முதல் நிமிடத்திலேயே 'இந்த நெடுவரிசையின் வகை என்ன' என்று கேட்கும். அந்தப் பொருள் என்னவென்றே தெரியாத நிலையில், அது எண்ணா எழுத்தா என்று நீங்கள் முடிவெடுக்க நேரிடும்.

2. மாடல் விடை சொல்ல வேண்டிய கேள்விகளை எழுதுங்கள்

எந்த மாடலும் உலகத்தை முழுதாகக் காட்டாது. சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறது. எதை விடலாம் என்பதைக் கேள்விதான் தீர்மானிக்கிறது. ஆகவே, 'இந்தப் படகுக்கு இந்தப் பயணத்தில் என்ன மிஞ்சியது?', 'யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார்?', 'போன மாதம் வஞ்சிரம் கிலோ சராசரியாக என்ன விலைக்குப் போனது?' என்று ஐந்தாறு கேள்விகளைக் கணக்குப்பிள்ளை கேட்கும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இதைத் தவிர்த்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். படகின் நீளம், எஞ்சினின் குதிரைத்திறன், வலையின் கண்ணளவு என்று தெரிந்ததையெல்லாம் பெட்டியில் அடைப்பார்கள். மேலே உள்ள கேள்விகளில் ஒன்றுக்கும் எஞ்சினின் திறன் தேவையில்லை. வேறொருவர் படகுப் பழுதுக் கணக்குக்கு மென்பொருள் எழுதினால், அவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும். மீனின் விலை தேவைப்படாது. ஒரே படகுக்கு இரண்டு மாடல்கள் இருக்கலாம், இரண்டும் சரியாகவும் இருக்கலாம்.

3. எந்த மாடலை வரைகிறோம் என்பதைத் தாளின் மேலே எழுதுங்கள்

தொடர்ந்து வரும் எல்லாக் குழப்பங்களுக்கும் இந்தப் படியைத் தாண்டிப்போவதே காரணம் என்பது என் எண்ணம். அதனால் இங்கே சற்று நிற்கிறேன்.

ஒரே மாதிரியான பெட்டிகளையும் கோடுகளையும் கொண்டு நாம் மூன்று வேறு மாடல்களை வரைகிறோம். முதலாவது, தொழிலின் மாடல்: அதில் 'படகு' என்ற பெட்டி, துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் மரத்தாலோ இரும்பாலோ ஆன படகைக் குறிக்கிறது. இரண்டாவது, நிரலின் மாடல்: அதில் 'படகு' ஒரு கிளாஸ் (நிரலில் ஒரு வகைப் பொருளுக்கான வார்ப்பு), அது குறிப்பது நினைவகத்தில் இருக்கும் ஒரு பொருளையும் அதன் மெத்தட்களையும், அதாவது அது செய்யக்கூடிய செயல்களையும்தான். மூன்றாவது, தரவின் மாடல்: அதில் 'படகு' ஒரு டேபிள், அதன் ஒவ்வொரு வரிசையும், படகைப் பற்றி நாம் பதிந்து வைத்த செய்தியைக் குறிக்கிறது. பெயர் ஒன்றுதான், பொருள் மூன்று.

வேறுபாடு எங்கே வெளிப்படும் என்றால், ஒரு மாணவர் படகு கிளாஸில் 'கடலுக்குப் போ' என்று ஒரு மெத்தட் எழுதியிருந்தார். நிரல் படகைக் கடலுக்கு அனுப்பாது. படகு போன பிறகு, போனது என்று பதியத்தான் அதனால் முடியும். அந்த மெத்தட்டின் பெயரை 'புறப்பாட்டைப் பதி' என்று மாற்றியதும், அடுத்த கேள்வி தானாக வந்தது: பதியாமல் விட்டுவிட்ட புறப்பாட்டை மறுநாள் பதிய முடியுமா? உண்மையில் புறப்பட்ட நேரமும் பதிந்த நேரமும் இரண்டு வேறு செய்திகள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

எனவே தாளின் தலைப்பில் 'தொழில்', 'நிரல்', 'தரவு' என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். எப்போதும் தொழிலில் தொடங்குங்கள். மற்ற இரண்டும் அதற்குக் கடமைப்பட்டவை.

4. ஒவ்வொரு சொல்லையும் 'ஒன்று என்றால் எது?' என்று கேளுங்கள்

நோட்டுப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்ச்சொற்களைத் திரட்டுங்கள்: படகு, பயணம், மீன், கூடை, ஏலம், எடுத்தவர், செலவு, பங்கு. பிறகு ஒவ்வொன்றையும் எடுத்து, அதில் 'ஒன்று' என்று விரல் காட்டி எண்ணினால் எதை எண்ணுவோம் என்று கேளுங்கள்.

சென்ற ஆண்டு வந்த ஒரு தம்பி 'மீன்' என்று பெட்டி போட்டு, உள்ளே பெயர், எடை, விலை, படகு எண் என்று எழுதியிருந்தார். இதில் ஒன்று என்றால் எது என்று கேட்டேன்.

"அண்ணா, மீன்னா மீன்தானே? வஞ்சிரம்னு வச்சுக்கோங்க."

வஞ்சிரம் என்பது இனம். அதற்கு எடை கிடையாது. எடை 4 கிலோ என்றால் அது ஒரு தனி மீன். ஆனால் நெத்திலியை யாரும் தனித்தனியாக எண்ணி விற்பதில்லை. விலை போட்டிருப்பதால், கூடையோடு ஏலம் போனதைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார். ஒரு பெட்டிக்குள் இனம், தனி மீன், விற்பனைக்கு வைத்த குவியல் என்று மூன்று பொருள்கள் குடியிருந்தன.

சரி, 'மீன்' போய் 'கூடை' என்று வைக்கலாமா? அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் கூடை காலையில் பத்து முறை நிரம்பிக் காலியாகிறது. கணக்கு எண்ணுவது அந்தக் கூடையை அல்ல. ஏலத்தில் ஒரு தடவை விலை கூவப்படும் அந்தப் பங்கைத்தான் எண்ணுகிறது. அதற்கு நம்மிடம் 'கூறு' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆக 'இனம்' ஒரு பெட்டி, 'கூறு' ஒரு பெட்டி. தனி மீனுக்குப் பெட்டி வேண்டாம். நம் கேள்விகளில் எதுவும் அதைக் கேட்கவில்லை. பெரிய மீன் ஒன்றே தனியாக ஏலம் போனால், அதுவும் ஒரே மீன் உள்ள ஒரு கூறுதான்.

வகைக்கும் அதன் தனி உருப்படிக்கும் உள்ள இந்தக் குழப்பம் துறைமுகத்துக்கு மட்டும் உரியதல்ல. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் 'புடவை' என்றால் அது டிசைனா, அலமாரியில் இருக்கும் பீஸா? விலை டிசைனோடு போகிறது, கறை பீஸோடு போகிறது.

முடிவில் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'கூறு: ஒரு பயணத்தில் வந்த மீனிலிருந்து, ஒரே தடவையில் விலை பேசுவதற்காகப் பிரித்து வைத்த ஒரே இனத்துப் பங்கு.' இந்த வாக்கியத்தைக் கணக்குப்பிள்ளையிடம் படித்துக் காட்டினால் அவர் தலையாட்ட வேண்டும். எங்களுக்கு அவர் தலையாட்டவில்லை: பொடி மீன்கள் கலந்தே ஏலம் போகும் என்றார். 'ஒரே இனத்து' என்பதை எடுத்துவிட்டு, இனங்களில் 'கலப்பு' என்றும் ஒன்றைச் சேர்த்தோம். வாக்கியம் எழுதாமல் இருந்திருந்தால் இது நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

5. கோட்டை இரு திசையிலும் வாக்கியமாகப் படியுங்கள்

இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கோடு போட்டுவிட்டு 'தொடர்பு இருக்கிறது' என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. கோட்டுக்கு ஒரு வினைச்சொல் வேண்டும். இரு முனையிலும் குறைந்தது எத்தனை, அதிகம் எத்தனை என்ற எண் வேண்டும். 'ஒரு பயணத்தில் பல கூறுகள் கிடைக்கின்றன, ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். ஒவ்வொரு கூறும் ஒரே ஒரு பயணத்தில் வந்தது.' இப்படி இரு பக்கமும் வாய்விட்டுப் படியுங்கள்.

புதியவர்கள் அதிக எண்ணை மட்டும் யோசிப்பார்கள். குறைந்த எண்ணை மறந்துவிடுவார்கள். வெறுங்கையோடு திரும்பிய படகுக்கும் டீசல் செலவு உண்டு. கூறு இல்லாத பயணத்தை மாடல் ஏற்காவிட்டால், அந்த நட்டம் கணக்கிலேயே வராது.

அடுத்த சிக்கல், கூறுக்கும் எடுத்தவருக்கும் உள்ள கோடு. 'ஒரு கூறை ஒருவர் எடுக்கிறார்' என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் மீன் விற்கும் பெண்கள் இருவரோ மூவரோ சேர்ந்து ஒரு கூறை எடுத்துத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வதுண்டு; பணம் தனித்தனியாக வரும், பாக்கியும் தனித்தனியாக நிற்கும். ஆகவே இரு பக்கமும் 'பல'. அப்படியானால் 'இவர் தர வேண்டிய தொகை' எங்கே இருக்கும்? கூறில் வைத்தால் யாருடையது என்று தெரியாது; ஆளிடம் வைத்தால் எந்தக் கூறுக்கு என்று தெரியாது. அது கோட்டுக்குச் சொந்தமானது. கோட்டின் மேல் ஒரு செய்தி உட்கார ஆரம்பித்தால், அந்தக் கோடு ஒரு பெட்டியாக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். அதற்கு 'எடுப்பு' என்று பெயர் வைத்தோம்.

6. ஆள் வேறு, அவர் ஏற்கும் பொறுப்பு வேறு

கிளாஸ் படித்தவர்களுக்கு இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸிலிருந்து மற்றொன்றைக் கிளையாக வருவிப்பது) மேல் ஒரு தீராத ஆசை. 'ஆள்' என்று மேலே போட்டு, அதன் கீழ் 'உரிமையாளர்', 'தொழிலாளர்', 'எடுத்தவர்' என்று மூன்று கிளைகளை இறக்கிவிடுவார்கள். 'இது அதில் ஒரு வகை' என்று வாக்கியம் நன்றாகத்தான் ஒலிக்கிறது.

சோதனை எளிது: ஒரே ஆள் இரண்டு கிளைகளிலும் இருக்க முடியுமா, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியுமா? தன் படகிலேயே கடலுக்குப் போகும் உரிமையாளர் உண்டு. பக்கத்துப் படகின் மீனை ஏலத்தில் எடுக்கும் உரிமையாளரும் உண்டு. கிளை பிரித்தால் அந்த ஒருவருக்கு மூன்று பதிவுகள் வரும், பாக்கி மூன்று இடத்தில் சிதறும். இவை வகைகள் அல்ல, பொறுப்புகள். 'ஆள்' ஒரே பெட்டி, பொறுப்புகள் கோடுகளில்.

விசைப்படகு, பைபர் படகு என்ற பிரிவு அப்படியல்ல. பைபர் படகு ஒருநாளும் விசைப்படகாக மாறாது. அங்கே வகை பிரிப்பது தவறில்லை.

7. காலத்தை இப்போதே சேருங்கள்

இது என் சொந்தத் தவறு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய இடத்துக்காக இதுபோன்ற கணக்கை எழுதியபோது, படகு டேபிளில் 'உரிமையாளர்' என்று ஒரு நெடுவரிசை வைத்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு படகு கைமாறியது. பெயரை மாற்றினேன். சில மாதம் கழித்துப் பழைய பங்குக் கணக்கை மறுபடி அச்செடுத்தபோது, படகை வாங்குவதற்கு முன்னிருந்த லாபமெல்லாம் புதியவர் பெயரில் வந்தது. பழைய உரிமையாளரின் முகத்துக்கு நேரே அந்தத் தாளை நீட்டியது நான்தான்.

'உரிமையாளர்' படகின் பண்பு அல்ல. ஆளுக்கும் படகுக்கும் இடையே, ஒரு தேதி முதல் ஒரு தேதி வரை நிலவும் தொடர்பு. ஒவ்வொரு கோட்டையும் 'இது நாளை மாறுமா, மாறினால் நேற்றைய விடை மாறக் கூடாதா?' என்று கேளுங்கள். பங்கு விகிதத்துக்கும் இதே கேள்விதான். அது படகுக்குப் படகு வேறுபடும், ஒரே படகிலும் மாறும்.

படகின் பதிவு எண்ணும் இதில் அடங்கும். எண்ணில் உள்ள 'எம்எம்' என்ற எழுத்துகளைப் பார்த்து விசைப்படகு என்று தெரிந்துகொள்ளலாம் என்பதால், எண்ணையே அடையாளமாகவும் வகையாகவும் வைத்துவிடத் தோன்றும். எண் என்பது படகுக்குக் கொடுத்த பெயர், படகு அல்ல. மறுபதிவில் எண் மாறினாலும் படகு அதேதான். உள்ளே மாறாத ஓர் அடையாளத்தை வைத்து, எண்ணைத் தனியாக யூனிக் கட்டுப்பாட்டோடு (ஒரே எண் இரு படகுகளுக்கு வரக் கூடாது என்ற விதியோடு) வையுங்கள்.

8. விதிகளையும் நிலைகளையும் எழுதுங்கள்

பெட்டிகளும் கோடுகளும் சொல்ல முடியாதவை சில உண்டு. 'எடுப்புகளின் தொகைகளைக் கூட்டினால் கூறின் ஏல விலை வர வேண்டும்' என்பது அப்படிப்பட்ட விதி. இவற்றைப் படத்தின் ஓரத்தில் முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள்.

தடைக்காலம் இன்னொரு விதி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. இதை நிரலில் நேரடியாக எழுதிவிடத்தான் கை போகும். தமிழ்நாட்டில் முன்பு இது 45 நாளாக இருந்து, 2017இல் 61 ஆனது. அன்று நிரலில் எண்ணை மாற்றியவர், 2016 ஜூன் தொடக்கத்தில் முறையாகப் போன பயணங்களையெல்லாம் விதிமீறலாக்கியிருப்பார். தடைக்காலமே ஒரு பெட்டி. தொடக்கம், முடிவு, எந்த வகைப் படகுக்கு என்பவை அதன் பண்புகள்.

நிலைகளுக்குத் தனிப் படம் போதும். கூறு பிரிக்கப்படுகிறது, ஏலத்துக்கு வருகிறது, விலை படிகிறது, பணம் தீர்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்றே: நிலைப் படத்தில் ஒரு மாற்றம் இருந்தால், நிரலின் மாடலில் அதைச் செய்யும் மெத்தட் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பொருளை இரு பக்கமிருந்து பார்ப்பவை. ஒன்றில் இருப்பது மற்றொன்றோடு முரண்பட்டால் இரண்டில் ஒன்று பொய். எங்கள் படத்தில் 'பணம் தீர்ந்தது' கூறின் நிலையாக இருந்தது. பணம் எடுப்புக்கு எடுப்பு தீரும் என்பதால், அதை எடுப்பின் படத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது.

9. இப்போது டேபிளுக்கு இறங்குங்கள்

தொழிலின் மாடலிலிருந்து மற்ற இரண்டையும் வருவிக்கும்போது, பெட்டிக்குப் பெட்டி நேராகப் பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். விசைப்படகு, பைபர் படகு என்ற இரு வகைகளை ஒரே டேபிளில் வகை என்ற நெடுவரிசையோடு வைக்கலாம், வகைக்கொரு டேபிளாகவும் வைக்கலாம், பொதுவானதை ஒரு டேபிளிலும் தனித்தன்மையை வேறு டேபிள்களிலும் பிரித்தும் வைக்கலாம். தனிப் பண்புகள் ஒன்றிரண்டுதான் என்றால் முதல் வழியே போதும். எதைத் தேர்ந்தாலும் துறைமுகத்தில் எதுவும் மாறவில்லை. ஆகவே தொழிலின் மாடலைத் திருத்தாதீர்கள்.

கோட்டின் திசையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நிரலில், பயணம் என்ற பொருள் தன் கூறுகளின் பட்டியலை வைத்திருக்கும். அம்பு பயணத்திலிருந்து கூறுக்குப் போகும். டேபிளில், கூறின் ஒவ்வொரு வரிசையிலும் பயணத்தைச் சுட்டும் ஃபாரின் கீ இருக்கும், அம்பு தலைகீழ். தொழிலின் மாடலில் அம்பே இல்லை, வினைச்சொல் மட்டும் உண்டு. மூன்றும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன.

தொகையை ஃப்ளோட்டில் (தசமப் புள்ளி எண்களை ஏறக்குறைய மட்டுமே வைக்கும் வகையில்) வைக்காதீர்கள். கணினியின் இருமக் கணக்கில் 0.1 என்பதைத் துல்லியமாக எழுத முடியாது. பங்கு பிரித்துக் கூட்டும்போது பைசா இடிக்கும். பைசாவை முழு எண்ணாகவோ டெசிமல் வகையிலோ வையுங்கள், எடையைக் கிராமில் வையுங்கள்.

கடைசியாக ஒரு தாளில், தொழிலின் ஒவ்வொரு பெட்டியும் கோடும் விதியும் எந்தக் கிளாஸில், எந்த டேபிளில் போய்ச் சேர்ந்தன என்று எதிரெதிரே எழுதுங்கள். எதிரே ஒன்றும் இல்லாத விதி, மறந்துபோன விதி. தொழில் பக்கம் ஒன்றும் இல்லாத டேபிள், லாகின் விவரம் போல நிரலின் தேவைக்காக வந்ததா, அல்லது நமக்கே புரியாத ஒரு பொருளா என்று பார்க்க வேண்டும்.

10. பழைய பக்கத்தை மாடலில் ஏற்றிப் பாருங்கள்

ஆரம்பத்தில் எடுத்த நோட்டுப் பக்கங்களில், அடித்தல் நிறைந்த அந்தப் பக்கத்தை எடுங்கள். வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரியும் எந்தப் பெட்டியில் ஒரு பதிவாகும் என்று பென்சிலால் எழுதுங்கள். 'ஏறக்குறையப் பொருந்துகிறது' என்று தாவிப்போகாதீர்கள். பொருந்தாத வரியைத் தேடித்தான் இந்தப் படியே.

நாங்கள் அப்படிச் செய்தபோது பதினேழு வரிகள் பொருந்தின. பதினெட்டாவது வரியில், 'கறிக்கு, 1 கூடை' என்று மட்டும் இருந்தது. விலை இல்லை, எடுத்தவர் பெயர் இல்லை. கணக்குப்பிள்ளையிடம் கேட்டோம். படகில் போனவர்கள் வீட்டுக் குழம்புக்கு எடுத்துப்போகும் மீன், அது ஏலத்துக்கே வராது என்றார். எங்கள் வாக்கியமோ 'விலை பேசுவதற்காகப் பிரித்து வைத்த பங்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தது. டேபிளில் விலையைப் பூஜ்யம் என்று போட்டுவிடலாம் என்றார் தம்பி. அப்படிப் போட்டால் அந்தக் கூடையில் இருக்கும் இனத்தின் சராசரி விலை இறங்கிவிடும். நான்காம் படிக்குத் திரும்பிப்போய் 'விலை பேசுவதற்காக' என்ற சொற்களை அடித்தோம். ஏலத்தையும் அதன் விலையையும் கூறிலிருந்து பிரித்துத் தனிப் பெட்டியாக்கி, ஒரு கூறுக்குக் குறைந்தது எத்தனை ஏலம் என்ற இடத்தில் பூஜ்யம் எழுதினோம்.